அறுவை சிகிச்சையில் பிழைத்த குழந்தைக்கு எடை ஏன் ஏறவில்லை? 98 நாள் விடுப்பும் ஒரு பால் புட்டியும்

"குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்."

உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி மூன்று வரி வந்தால் நாம் எல்லாரும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தத் தாய்க்கு அன்றுதான் வேலையே தொடங்குகிறது. 60 மில்லி பால் குடிக்கவே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பிள்ளை. குடித்ததில் கால்வாசி தோளில் வழிந்துவிடும். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கூத்து. இரவு, பகல் கிடையாது. மாதக் கடைசியில் கிளினிக்கில் தராசில் வைத்தால் முள் போன மாதம் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம்தான் நகர்ந்திருக்கும். வரிசையில் பின்னால் நிற்கும் பாட்டி ஒருவர், "பால் பத்தலையா அம்மா?" என்று கேட்டுவைப்பார்.

உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறந்து அறுவை சிகிச்சையில் தப்பிய குழந்தைகளின் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. டாக்டர்கள் இதைச் சுருக்கமாக சி.டி.எச். என்பார்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குறுக்காக இருக்கும் தசைத்திரைதான் உதரவிதானம். நாம் மூச்சு விடுவதே பெரும்பகுதி இந்தத் திரை ஏறி இறங்குவதால்தான். கரு உருவாகி முதல் மூன்று மாதத்துக்குள் இந்தத் திரை முழுமையாக மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் இடது பக்கம், அது மூடாமலே நின்றுவிடுகிறது.

ஏறக்குறைய 2,500 முதல் 3,000 பிரசவங்களுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறப்பதாக உலகக் கணக்கு சொல்கிறது. மலேசியாவில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகள் பிறக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 130 முதல் 160 குழந்தைகள் வரை வரும். அவர்களில் நம் இந்தியர் வீட்டுப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். அதனால்தான் ஒரு தோட்டத்தில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால், சுற்றியுள்ள பத்துத் தோட்டத்தில் விசாரித்தாலும் "எங்க வீட்டிலும் இப்படித்தான்" என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

'குடல் ஏறியிருக்கு'

குழந்தை வாந்தியெடுத்து வயிறு உப்பி அழுதால், "குடல் ஏறியிருக்கு, எண்ணெய் தடவித் தட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். சாதாரணக் குழந்தைக்குக் குடல் எங்கும் ஏறுவதில்லை. சி.டி.எச். குழந்தைக்கோ அது உண்மையாகவே ஏறியிருக்கிறது. கருப்பையில் இருக்கும்போதே குடல், சில சமயம் இரைப்பை, மண்ணீரல், கல்லீரலின் ஒரு பகுதிகூட அந்த ஓட்டை வழியாக நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. நுரையீரல் வளர வேண்டிய இடத்தில் குடல் இருந்தால் நுரையீரல் எங்கே வளரும்? அந்தப் பக்கத்து நுரையீரல் சிறுத்தே போகும். மறுபக்கத்து நுரையீரலும் நெருக்கப்படும். நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் தடித்து, அவற்றில் அழுத்தம் ஏறிவிடும்.

ஆகவே இந்த நோயில் உயிரைப் பறிப்பது ஓட்டையைவிட, வளராத நுரையீரல்தான். முன்பெல்லாம் பிறந்த உடனே அவசர அவசரமாக அறுவை அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். 1990களுக்குப் பிறகு அந்த வழக்கம் மாறிவிட்டது. குழந்தையைச் சுவாசக் கருவியில் வைத்து, நுரையீரல் அழுத்தம் கொஞ்சம் தணிந்த பிறகே ஓட்டையை மூடுகிறார்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் செயற்கைத் துணி போன்ற ஒட்டு வைத்துத் தைப்பார்கள். நல்ல வசதியுள்ள மையங்களில் இப்போது 100க்கு 70 குழந்தைகள் போல பிழைக்கிறார்கள். மிகக் கடுமையான நிலையில் உள்ள சிசுவுக்குக் கருப்பையிலேயே மூச்சுக்குழாயில் சிறு பலூன் வைக்கும் முறையும் வந்துவிட்டது. 2021ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், அந்த முறையைச் செய்துகொண்ட கடும் பாதிப்புள்ள குழந்தைகளில் 40 விழுக்காட்டினரும் செய்யாதவர்களில் 15 விழுக்காட்டினரும் உயிருடன் வீடு திரும்பினார்கள். முன்பு போயிருக்கக்கூடிய பிள்ளைகள் இப்போது வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்குத்தான் சாப்பாட்டுப் பிரச்சினையும் அதிகம்.

பசி இருக்கிறது, முடியவில்லை

எடை ஏறாததற்கு ஒரே காரணம் இருந்தால் சமாளித்துவிடலாம். இந்தக் குழந்தைகளுக்கு நான்கைந்து காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

முதலில் செலவுக் கணக்கு. ஆரோக்கியமான சிசுவுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி போதும். சி.டி.எச். குழந்தைக்கு 120, சிலருக்கு அதற்கும் மேலே தேவைப்படுகிறது. சிறிய நுரையீரலை வைத்துக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்குவதே அதற்கு ஒரு கூலி வேலை மாதிரி. நாள் முழுக்கப் படி ஏறிக்கொண்டிருக்கும் ஆளுக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் சாப்பாடு போதுமா? தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70 கலோரி வரை இருக்கிறது. 4 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 480 கலோரி வேண்டுமென்றால் நாளைக்கு 700 மில்லி உள்ளே போக வேண்டும். நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்பதற்காக டாக்டர்களே பாலின் அளவுக்கு ஒரு வரம்பு வைப்பதும் உண்டு. இங்கேதான் இடிக்கிறது. அளவைக் கூட்ட முடியாது, கலோரி மட்டும் கூட வேண்டும். இதற்காகத்தான் தாய்ப்பாலிலேயே கலந்து கொடுக்கும் செறிவூட்டிகளும் கலோரி கூடிய சிறப்புப் பால்மாவும் வருகின்றன.

அடுத்தது எதுக்களித்தல். இரைப்பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொள்வதில் உதரவிதானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தசையே பழுதான குழந்தைக்குப் பால் மேலே வருவது அதிசயமில்லை. இரைப்பை நெஞ்சுக்குள் ஏறியிருந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாக இருக்கும். புளித்த பால் திரும்பத் திரும்ப வந்தால் தொண்டை எரியும். எரிச்சலோடு பாலைச் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும் குழந்தை, புட்டியைப் பார்த்தாலே முதுகை வில்லாக வளைத்து அழும். அந்தப் பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டால் நிமோனியா. நிமோனியா வந்தால் மறுபடியும் வார்டு. வார்டுக்குப் போனால் ஏறிய 300 கிராம் இறங்கிவிடும்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். பிறந்த குழந்தை முதல் சில வாரங்களில் உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒரு தாளம் கற்றுக்கொள்கிறது. சி.டி.எச். குழந்தைக்கு அந்த வாரங்கள் சுவாசக் குழாயோடு போய்விடுகின்றன. அறுவைக்கு முன்னால் வாய்வழி பால் கிடையாது. குடலில் காற்று நிரம்பி நுரையீரலை நெருக்கக் கூடாது என்பதற்காக இரைப்பையில் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். சத்தெல்லாம் இரத்த நாளம் வழியாகத்தான் போகும். அதையும் நெடுநாள் கொடுத்தால் கல்லீரல் தாங்காது. அறுவைக்குப் பிறகு மூக்குக் குழாய் வழியாக மணிக்கு ஒன்றிரண்டு மில்லி என்று பால் தொடங்கும். இப்படி ஒரு மாதம், ஒன்றரை மாதம். அந்தக் காலம் முழுக்க அந்தக் குழந்தையின் வாய்க்குத் தெரிந்ததெல்லாம் பிளாஸ்டிக் குழாயும், ஒட்டும் டேப்பும், சளி உறிஞ்சும் கருவியும்தான். வாய்க்கு அருகில் எது வந்தாலும் அது வலி என்று பழகிவிட்ட பிள்ளையிடம் கரண்டியைக் கொண்டுபோனால் அது வாயை மூடிக்கொள்ளத்தான் செய்யும்.

அதைப் பிடிவாதம் என்கிறோம். "மூக்கைப் பிடித்து ஊற்று, தானா முழுங்கும்" என்று யோசனை சொல்லவும் ஆள் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருமுறை வலிய ஊற்றினால் ஆறு வாரப் பயிற்சி வீணாகலாம். பால் நுரையீரலுக்குள் போகும் அபாயம் வேறு.

அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை, தன்னிடம் பிழைத்த நூற்றுக்கும் மேற்பட்ட சி.டி.எச். குழந்தைகளைப் பற்றி 2001ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. முதல் ஆண்டில் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எடை வரிசையில் கடைசி 25 விழுக்காட்டில் இருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வயிற்றில் நேரடியாகக் குழாய் வைத்துப் பால் கொடுக்க வேண்டியிருந்தது. கால்வாசிப் பேருக்கு வாய்வழி உணவே வெறுத்துப் போயிருந்தது. பணத்துக்கோ ஆளுக்கோ குறைவில்லாத மருத்துவமனையின் நிலைமை அது. 2008ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இந்தக் குழந்தைகளை வீடு அனுப்பிய பிறகு எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்று வழிகாட்டி ஒன்றை வெளியிட்டதே, தையல் ஆறினால் வேலை முடிந்தது என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் மாறியதற்கு அடையாளம்.

நுரையீரலும் சோறு சாப்பிடும்

எடை கொஞ்சம் குறைவாக இருந்தால் என்ன, மெலிந்த பிள்ளைகள் எத்தனையோ ஓடியாடுகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் குழந்தைகளுக்கு மட்டும் பதில் வேறு.

நுரையீரலில் காற்றுப் பைகள் பிறப்போடு நின்றுவிடுவதில்லை. பிறந்த பிறகும் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கின்றன. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் அதில் வேகமான காலம். குறைந்த நுரையீரலோடு பிறந்த பிள்ளைக்கு, இழந்ததில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டக் கிடைக்கும் நேரம் அதுதான். புதிய திசு கட்டப் புரதமும் சக்தியும் வேண்டும். அவை இல்லையென்றால் நுரையீரல் வளராது. வளராவிட்டால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் கலோரி கரையும், கலோரி கரைந்தால் எடை ஏறாது. இந்தச் சக்கரம் எந்தப் பக்கம் சுழலப் போகிறது என்பதை முதல் ஆண்டின் பால் புட்டிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. மூளை வளர்ச்சிக்கும் அதே காலம்தான். பலருக்கு வயது ஏற ஏற எடை மெல்ல எட்டிப்பிடிக்கிறது என்பது ஆறுதலான செய்தி. ஆனால் 'தானாகச் சரியாகிவிடும்' என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பலன் அல்ல அது.

98 நாளில் எது முடியும்?

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கு 7 நாள் கிடைத்தது. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் கேட்டு வாங்கிய உரிமை இது, வரவேற்க வேண்டியதுதான்.

இப்போது கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மனைவி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, கணவர் லோரி ஓட்டுநர். ஐந்தாம் மாத ஸ்கேனில் விஷயம் தெரிகிறது. குழந்தை அறுவை வசதியுள்ள பெரிய மருத்துவமனையில்தான் பிறக்க வேண்டும் என்பதால் கோலாலம்பூருக்கு அனுப்புகிறார்கள். துங்கு அசிசா மருத்துவமனையோ, மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையமோ, அது போன்ற ஓரிடம். குழந்தை பிறந்த அன்றே 98 நாள் ஓடத் தொடங்கிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வார்டிலும் ஆறு வாரம் போனால் 42 நாள் கழிந்தது. மீதி 56. மூக்குக் குழாயோடு வீட்டுக்கு வந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு ஓடி, எந்தப் பக்கம் படுக்க வைத்தால் எதுக்களிக்காது என்று பழகிக்கொள்வதற்குள் அந்த 56 நாளும் பறந்துவிடும். பிறகு?

மூக்குக் குழாய் போட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ள எந்த ஆயா சம்மதிப்பார்? ஒரு தடவை பால் கொடுக்க முக்கால் மணி நேரம், நாளைக்கு எட்டுத் தடவை என்றால் அதுவே ஆறு மணி நேரம். தாய் வேலையை விட வேண்டும், அல்லது பாட்டி வந்து உட்கார வேண்டும். பாட்டி இல்லாத வீட்டில் ஒரு சம்பளம் போகிறது. செலவு ஏறிய மாதத்திலேயே வருமானம் பாதியாகிறது. தந்தையின் 7 நாளோ அறுவை சிகிச்சை முடிவதற்குள்ளேயே தீர்ந்திருக்கும்.

பிரிட்டன் இதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிறந்த 28 நாளுக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, தொடர்ந்து 7 நாளுக்குக் குறையாமல் இருந்த குழந்தையின் பெற்றோருக்கு, வழக்கமான மகப்பேறு விடுப்புக்கு மேல் 12 வாரம் வரை கூடுதல் விடுப்பு. 2025 ஏப்ரல் 6 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நம் வேலைவாய்ப்புச் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. சி.டி.எச். மட்டுமல்ல, குறைமாதக் குழந்தை, இருதயக் கோளாறுள்ள குழந்தை, உணவுக்குழாய் அடைப்போடு பிறந்த குழந்தை என எல்லா வீட்டிலும் இதே சிக்கல்தான். எல்லாரையும் சேர்த்தால் எண்ணிக்கை சிறியதல்ல. 98 நாளுக்காகக் குரல் கொடுத்த நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கத்தினரும் அடுத்துக் கேட்க வேண்டியது, மருத்துவமனையில் கழிந்த நாள்களை இந்த 98ல் சேர்க்காதீர்கள் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாளிகள் தரப்பு செலவைக் காட்டி மறுக்கும். ஆண்டுக்கு எத்தனை குழந்தைகள் என்று கணக்கெடுத்துப் பார்த்தால் அந்தச் செலவு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

கூட்டத்தில் தொலையும் குழந்தை

அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். உலகத்தில் பல நாடுகள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு. ஆகவே பணம் மருத்துவமனை கவுண்டரில் கரைவதில்லை. பெட்ரோல், டோல், கார் நிறுத்தக் கட்டணம், ஒருநாள் சம்பளப் பிடிப்பு, கலோரி கூடிய பால்மா என்று அது வெளியேதான் கரைகிறது. பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ சிக்கலில் இருக்கும் வீடு என்றால் கட்டணமே வேறு. நம்மிடையே அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உதவி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர் பிரிவு இருக்கிறது. கருவி, சிறப்புப் பால், பயணம் போன்றவற்றுக்கு எந்த நிதியில் விண்ணப்பிக்கலாம் என்று சொல்வது அவர்கள் வேலை. டாக்டரிடம் கேட்டால் அங்கே எழுதிக் கொடுப்பார். கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். சமூக நலத்துறையான ஜே.கே.எம்.மிலும் விண்ணப்பிக்கலாம். சத்துக்குறைவுள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உணவுக்கூடை தரும் சுகாதார அமைச்சின் திட்டம் நெடுநாளாக நடக்கிறது. ஆனால் அது 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. நாம் பேசும் குழந்தைக்கு எடை சறுக்கத் தொடங்குவது இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே. கூடையில் வரும் அரிசியும் பிஸ்கட்டும் மூக்குக் குழாய் வழியாகப் போகாது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதை அதிகமாகப் பேசுவதில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்தில் ஒருவர். கிளினிக் கெசிஹாத்தானில் இருக்கும் தாதிக்கு எடை குறைந்த பிள்ளை அன்றாடக் காட்சி. வரிசையில் நாற்பது தாய்மார். அந்தக் கூட்டத்தில் சி.டி.எச். குழந்தையும் இன்னொரு மெலிந்த குழந்தைதான். மற்றவர்களுக்குச் சொல்லும் அதே ஆலோசனைதான் இந்தத் தாய்க்கும் கிடைக்கும்: "கூடுதலாகக் கொடுங்கள்." கொடுக்க முடியாததுதானே பிரச்சினை!

பெரிய மருத்துவமனையிலோ அறுவை நிபுணர் தையலைப் பார்ப்பார், நுரையீரல் டாக்டர் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார், இருதய டாக்டர் எக்கோ எடுப்பார். மூவரும் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். எடைக் கோட்டைப் பார்த்து, 'இன்றிலிருந்து இத்தனை மில்லி, இத்தனை கலோரி' என்று திட்டம் போட்டுக் கொடுப்பது யார் பொறுப்பு? டயட்டீஷியனும், விழுங்கப் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளரும் அதே நாளில், அதே கட்டடத்தில் குழந்தையைப் பார்த்தால் தாய்க்கு மூன்று பயணம் மிச்சமாகும். 2008ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டி வற்புறுத்துவதும் பல துறையினரின் கூட்டுக் கண்காணிப்பைத்தான். புதிதாக மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. சந்திப்பு நாள்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்டாலே தோட்டத்துத் தாய்க்குப் பாதிச் சுமை குறையும்.

அடுக்களையில் செய்யக்கூடியதும் கூடாததும்

1939ல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தார் முன் ஆற்றிய உரை ஒன்று பொதுச் சுகாதார வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. 'பாலும் கொலையும்' என்பது அதன் தலைப்பு. இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்று விற்று, ஏழைச் சிசுக்களைச் சாகவிடுவதைக் கண்டித்துப் பேசினார். நம் பாட்டன் பூட்டன் காலத்து மலாயா அது. எண்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. கெட்டிப்பால் டின்னில் இன்று 'கிரிமர் மானிஸ்' என்று எழுதியிருக்கிறது. சிறப்புப் பால்மா தீர்ந்துபோய்ச் சம்பள நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தால், கை எந்த டின் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது பெரும்பாலும் சர்க்கரையும் எண்ணெயும். அதை வைத்துக் குழந்தையின் உடம்போ நுரையீரலோ வளர முடியாது.

பால்மாவைக் கூடத் தண்ணீர் விட்டு இழுத்தடிப்பது இன்னொரு வழக்கம். ஆறு கரண்டிக்குப் பதில் நான்கு கரண்டி. குழந்தையின் வயிறு நிறையும், அழுகையும் அடங்கும், எடை மட்டும் ஏறாது. இதற்கு நேர் எதிராகச் சிலர் "கலோரி கூட வேண்டும்" என்று கேட்டவுடன் தாங்களாகவே இரண்டு கரண்டி அதிகம் போட்டுக் கெட்டியாகக் கலக்கிவிடுகிறார்கள். சிசுவின் சிறுநீரகம் அதைத் தாங்காது, உடம்பில் நீரும் வற்றும். கெட்டியாகக் கலக்குவதற்கு முறை உண்டு. அதை டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தாளில் உள்ளபடி மட்டுமே செய்ய வேண்டும்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை தீவிர சிகிச்சையில் இருக்கும்போதே தாய் பம்ப் செய்து சேர்த்துவைத்தால், குழாய் வழி முதல் பாலாக அதையே கொடுப்பார்கள். குடலுக்கு அதைவிட இதமானது இல்லை. செறிவூட்டியையும் அதோடுதான் கலப்பார்கள். பத்தியம் என்ற பெயரில் அந்தத் தாய்க்குப் பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும் கொடுத்து, மீனும் முட்டையும் காய்கறியும் கூடாது என்று ஒதுக்கிவைப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. நாள்தோறும் பால் பம்ப் செய்து மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைகிறவளுக்கு அந்தச் சாப்பாடு போதாது.

ஆறு மாதம் வாக்கில் டாக்டர் சம்மதித்துத் திட உணவு தொடங்கும்போது, நம் வீட்டில் முதலில் வருவது அரிசிக் கஞ்சி. தண்ணியாகக் காய்ச்சிய கஞ்சியில் வயிறு நிரம்பும் அளவுக்குச் சக்தி இருக்காது. இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் வாங்காத பிள்ளைக்கு ஒவ்வொரு கரண்டியும் கனமாக இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் சுமார் 40 கலோரி கூடுகிறது. மசித்த பருப்பு, நன்றாக வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், கோழி என்று புரதத்தையும் குழைத்துச் சேர்க்கலாம். எதுக்களிப்புக் கடுமையாக உள்ள பிள்ளைக்கு எது, எவ்வளவு கெட்டியாக என்பதை மட்டும் கேட்டுச் செய்யுங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது, சேனைக்கு நாக்கில் தடவுவதும் சேர்த்துத்தான்.

குழாயில் பால் போகும் பிள்ளையையும் சாப்பாட்டு நேரத்தில் குடும்பத்தோடு மடியில் உட்கார வையுங்கள். கையில் ஒரு கரண்டி கொடுங்கள். சோற்றைப் பிசைந்து விளையாடட்டும், முகத்தில் அப்பிக்கொள்ளட்டும். விழுங்காவிட்டாலும் பரவாயில்லை. வாய்க்கு அருகில் வருவதெல்லாம் வலியல்ல என்று அது மறுபடியும் கற்றுக்கொள்வது இப்படித்தான். மாதக்கணக்கில் ஆகும். வயிற்றில் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் இடி விழுந்தது போல் உட்கார்ந்துவிட வேண்டாம். எடை ஏறி, வாய்வழி சாப்பிடப் பழகிய பிறகு எடுத்துவிடக்கூடியது அது. மூக்குக் குழாயோடு மல்லுக்கட்டும் வீடுகளில் அதற்குப் பிறகுதான் இரவில் கொஞ்சம் தூக்கம் வரும்.

இனி அந்தக் 'குடல் ஏற்ற' விஷயம். இந்தக் குழந்தைகளுக்கு வயிற்றைப் பிசைவது, தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது, தொக்கம் எடுப்பது எதுவும் கூடவே கூடாது. தைத்த இடம் மறுபடியும் திறந்துகொள்வது உண்டு. ஒட்டு வைத்துத் தைத்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு அதிகம். குடல் முறுக்கிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வயிறு கல் மாதிரி உப்பினாலோ, திடீரென்று மூச்சு வேகமானாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணெயைத் தேடாமல் 999ஐ அழையுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் இறங்கினாலும் முதல் வார்த்தையாக "பிறந்தபோது உதரவிதானத்தில் ஆப்பரேஷன் செய்த குழந்தை" என்று சொல்லுங்கள். புது டாக்டருக்கு வேறு எப்படியும் அது தெரிய வராது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மூன்று மாதத்தில் சாதாரணக் குழந்தை நாளைக்கு 25 முதல் 30 கிராம் ஏறும். அடுத்த மூன்று மாதத்தில் 15 முதல் 20 கிராம். ஒருநாள் எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கணக்கு. கிளினிக்கில் தருகிற சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் அந்தக் கோட்டைப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். நீளத்தையும் தலைச் சுற்றளவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் திருத்திய வயதைப் பார்க்க வேண்டும் என்று நினைவுபடுத்துங்கள். முடிந்தவரை ஒரே தராசு, பம்பர்ஸ் இல்லாமல், பால் கொடுப்பதற்கு முன். கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் புத்தகமும் கையோடு போக வேண்டும், திரும்பி வரும்போது அங்கே சொன்ன பால் அளவு அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பல வீடுகளில் அது பீரோவில் பத்திரமாக இருக்கிறது.